உள்ளூர்க்காரரின் ஊர்காண் காதை

(மதுரையில் ஒரு நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, கதவோரம் உட்கார்ந்து கடைசி பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே!

பேச்சைத் தொடங்கும் முன் கொஞ்சம் கை தூக்கச் சொல்லப்போகிறேன். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகாதவர் இங்கே இருக்க முடியாது, அதை விட்டுவிடுவோம். தமுக்கம் பக்கத்துக் காந்தி அருங்காட்சியகத்துக்குள் போய்ப் பார்த்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள். அடேயப்பா, பாதி அரங்குக்கு மேல். சரி, பள்ளிக்கூடத்தில் வரிசை கட்டிக் கூட்டிப்போனதைக் கழித்துவிடுங்கள். கைகள் இறங்குகின்றன. வெளியூரிலிருந்து சித்தப்பா வீட்டார் வந்தார்கள், அவர்களுக்குக் காட்டப் போனோம் என்றால் அதையும் கழித்துவிடுங்கள். மிச்சம் மூன்று கை. அந்த மூன்று பேருக்கும் இன்றைய பேச்சு தேவையில்லை. வேண்டுமானால் எனக்குப் பதில் இங்கே வந்து பேசலாம்.

உங்களைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்து, 1959-இல் நேரு திறந்துவைத்து அருங்காட்சியகமான கட்டடம் அது. காந்தி சுடப்பட்ட நாளில் உடுத்தியிருந்த ஆடை அங்கே இருக்கிறது என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். நாமோ பக்கத்திலிருக்கும் தமுக்கம் மைதானத்துக்குப் புத்தகத் திருவிழாவுக்கும் பொருட்காட்சிக்கும் போய், அப்பளம் தின்றுவிட்டுத் திரும்பி வருகிறோம். "எங்கே ஓடிப்போகுது, நம்ம ஊர்லதானே இருக்கு" என்பது நம் சமாதானம். நம் ஊரில் இருப்பதுதான் நாம் பார்க்காமல் இருப்பதற்கே காரணம்.

ஆகவே இன்றைக்கு உங்கள் முன்னால் ஒரு விளையாட்டை வைக்கிறேன். ஒரே ஒரு நாள், சொந்த ஊருக்குள் வெளியூர்க்காரராக நடித்துப் பாருங்கள். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் இது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. இதற்கு நம் இலக்கியத்திலேயே இரண்டு வழிகாட்டிகள் இருக்கிறார்கள்.

ஒருவர் மாங்குடி மருதனார். பத்துப்பாட்டில் மிக நீண்டது அவருடைய மதுரைக்காஞ்சி, 782 அடி. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையைச் சொல்ல வந்த பாட்டு. ஆனால் நடுவில் புலவர் மதுரைக்குள் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார். பகல் கடைத்தெருவான நாளங்காடி, அந்தி மயங்கியதும் அல்லங்காடி, நள்ளிரவில் கன்னமிட வரும் கள்வர், அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலர், விடியலின் ஓசைகள் என்று ஒரு முழு நாளையும் ஜாமம் ஜாமமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அரசனுக்குத் தெரியாத ஊரா அது? அவன் ஆளும் ஊர். அவன் ஊரையே அவனுக்குப் புதிதாகக் காட்டுகிறார் புலவர்.

இன்னொருவன் கோவலன். கவுந்தியடிகளின் பாதுகாப்பில் கண்ணகியைப் புறஞ்சேரியில் விட்டுவிட்டு அவன் தனியாக நகருக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் பகுதிக்கு இளங்கோவடிகள் வைத்த பெயர் ஊர்காண் காதை. மணிக்கடைத் தெரு, பொன்கடைத் தெரு, துணிக்கடைத் தெரு, கூலக்கடைத் தெரு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். காப்பியத்தில் ஒரு முழுக் காதையையே ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கோவலனிடம் பிறகு திரும்பி வருகிறேன். அவனிடம் நாம் கற்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது.

வெளியூர்க்காரருக்கு நம்மைவிட என்ன கூடுதலாக இருக்கிறது? கண் அதேதான். காலும் அதேதான், நம்மைவிடச் சீக்கிரம் வலிக்கும். கையில் இருக்கும் நேரம்கூடக் குறைவு. மத்தியானம் ராமேசுவரம் வண்டியைப் பிடிக்க வேண்டும். அவரிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாததும் ஒன்றுதான்: கேள்வி கேட்கும் உரிமை. "இது என்னங்க?" என்று அவர் கேட்டால் ஊரே பதில் சொல்லும். நாம் கேட்டால், "இதே ஊர்ல பொறந்துட்டு இது தெரியாதா?" என்பார்கள். அந்தக் கூச்சத்தில்தான் நம் கேள்விகளெல்லாம் பத்து வயதோடு நின்றுபோகின்றன. நடிப்பில் நமக்குத் திரும்பக் கிடைப்பது அந்த உரிமை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சித்திரைத் திருவிழாவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி வந்திருந்தாள். தேர் பார்க்கக் கூட்டிப்போனோம். மாசி வீதிக் கூட்டத்தில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்: "பெரியம்மா, சித்திரைத் திருவிழாதானே? பக்கத்துல சித்திரை வீதின்னே ஒண்ணு இருக்கு. தேர் ஏன் மாசி வீதில போகுது?" கூட வந்த பெரியவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து தேரை மாசி வீதியில் பார்த்தவர்கள். கடைசியில் ஒரு மாமா தீர்ப்பு சொன்னார்: "அது அப்படித்தான்மா."

அது அப்படித்தான் இல்லை. மீனாட்சி திருக்கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன, திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரவைத்ததும் அவர்தான் என்பார்கள். சைவத் திருவிழாவும் வைணவத் திருவிழாவும் கைகோத்து, சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களெல்லாம் ஒரே நேரத்தில் ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள். மாதம் மாறியது, தேர் ஓடும் வீதி மாறவில்லை. ஒரு அரசரின் நிர்வாக அறிவும் இரண்டு சமயங்களின் உறவும் அந்தப் பிள்ளையின் ஒரு கேள்விக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. "அது அப்படித்தான்" என்ற பதில் அதன்மேல் மூடி போட்டு வைத்திருந்தது.

சரி, நடக்கத் தொடங்குவோம். எங்கிருந்து? கோயிலிலிருந்து வேண்டாம். வெளியூர்க்காரர் வந்து இறங்கும் இடத்திலிருந்து, பெரியார் பஸ் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே பஸ்களின் இரைச்சலுக்கு நடுவில் கருங்கல்லில் ஒரு பழைய வாசல் நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? மேலவாசல். மதுரைக்கு ஒரு கோட்டை இருந்தது என்பதற்கு மேற்குப் பக்கத்தில் மிஞ்சிய சாட்சி அது. அதன் நிழலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம், ஆனால் அதைப் பார்ப்பதில்லை.

கோட்டை எங்கே போனது? 1840-களில் இங்கே கலெக்டராக இருந்தவர் பிளாக்பர்ன். ஊர் நெருக்கடியில் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தது. மதிலை இடித்து அகழியைத் தூர்த்தால் ஊர் விரியும் என்று முடிவெடுத்தார். இடிக்கும் வேலையில் பங்கெடுத்தவர்களுக்கு அந்த நிலத்திலேயே மனை கொடுத்தார்கள். பழைய மதில் சுற்றிவந்த தடத்தை ஒட்டியே இன்றைய வெளிவீதிகள் போகின்றன. அந்த வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் அளவையாளர் மாரட்டின் பெயரிலும் வீதிகள் இருக்கின்றன. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ் தேடாத வெளியூர்க்காரர் உண்டா? கோயில்களின் பெயரும் மாதங்களின் பெயரும் சுமந்த வீதிகளுக்கு நடுவே ஒரு மேஸ்திரிக்கும் வீதி கிடைத்திருக்கிறது. உழைப்பாளிக்கு இப்படி ஒரு மரியாதை செய்த ஊர் நம் ஊர் என்று நாம் பெருமைப்படலாம். பெருமைப்பட முதலில் தெரிய வேண்டும்.

பிளாக்பர்னுக்கும் நினைவுச்சின்னம் உண்டு. நம் விளக்குத்தூண்தான் அது. நமக்கு விளக்குத்தூண் என்றால் ஜவுளிக்கடையும் ஜிகர்தண்டாவும். 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படைத்துறைப் புகைப்படக்காரர், பெட்டி போன்ற கேமராவைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்து எடுத்த படங்களில் விளக்குத்தூணும் இருக்கிறது. கோயில், மகால், புதுமண்டபம், தெப்பக்குளம் எல்லாம் அந்தத் தொகுப்பில் உண்டு. அவருக்கு முன்பே 1792-இல் டேனியல் என்ற பெயருடைய இரண்டு ஓவியர்கள், சித்தப்பாவும் அண்ணன் மகனும், வந்து பாழடைந்து கிடந்த நாயக்கர் அரண்மனையை வரைந்து போனார்கள். நம் தாத்தாவுக்குத் தாத்தா நடந்த தெருக்கள் எப்படி இருந்தன என்று பார்க்க, நாம் இன்று அந்த வெளியூர்க்காரர்களின் படங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

விளக்குத்தூணிலிருந்து கொஞ்ச தூரத்தில் பத்துத்தூண் சந்து. திருமலை நாயக்கரின் அரண்மனை 1636-இல் எழுந்தபோது இன்று நாம் பார்ப்பதைப்போல நான்கு மடங்கு இருந்தது என்பார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அதன் பகுதிகளை இங்கிருந்து பிரித்து எடுத்துப்போனார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு மீதியைப் பழுதுபார்த்தார். நெடுங்காலம் அங்கே நீதிமன்றம் நடந்தது. மகாலின் எல்லைக்கு வெளியே, துணிக்கடைச் சந்துக்குள் தனியாக மாட்டிக்கொண்ட அரண்மனைத் தூண்கள்தான் அந்தப் பத்தும்.

அங்கே நான் நோட்டுப்புத்தகத்தோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்தார்.

"என்னக்கா பாக்குறீங்க? சுடிதார் மெட்டீரியலா?"

"இல்லண்ணே. தூணைப் பாக்குறேன்."

"தூணையா?" அவரும் ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். "கார்ப்பரேஷன்ல இருந்து வந்திருக்கீங்களா?"

"இல்லையே."

"அப்ப எந்த ஊருக்கா?"

"இதே ஊருதான்."

அவர் முகத்தில் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. நம் ஊர்களில் ஒரு கட்டடத்தை நின்று உற்றுப் பார்க்க மூன்று பேருக்குத்தான் அனுமதி: சுற்றுலா வந்தவர், மாநகராட்சி அதிகாரி, மனை புரோக்கர். நாலாவதாக ஒருவர் பார்த்தால் ஏதோ வில்லங்கம் என்று பொருள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த அண்ணன் ஸ்டூல் எடுத்துப் போட்டார். தம் அப்பா காலத்தில் சந்து எப்படி இருந்தது, எந்தத் தூணின் அடியில் எந்த வியாபாரி கடை விரித்தார், தீபாவளிக்கு எந்த முனையிலிருந்து கூட்டம் நெருக்கும் என்று சொல்லத் தொடங்கினார். எந்தக் கையேட்டிலும் இல்லாத செய்திகள். அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பெண்கள் நிறைய வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் யாராவது ஒரு முனையில் வேலை எதுவும் இல்லாமல் ஐந்து நிமிடம் நின்றிருக்கிறோமா? ஆண்கள் டீக்கடை வாசலில் அரை நாள் நிற்கலாம். நாம் நின்றால் "யாரைத் தேடுறீங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் நாம் ஊரில் எப்போதும் எங்கேயாவது போய்க்கொண்டே இருக்கிறோம்: மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளையை அழைத்துவர. தோளில் ஒரு பை, கையில் ஒரு நோட்டு, "ஊர் பார்க்க வந்தேன்" என்ற ஒரு சொல் இருந்தால் நின்று பார்க்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. காரணம் இல்லாமலே நிற்கும் நாள் வர வேண்டும். அதுவரை இந்த நடிப்பு உதவும்.

நடையைத் தொடர்வோம். மேலமாசி வீதியில் ஒரு வீட்டின் மாடியில், 1921 செப்டம்பர் 22 அன்று, காந்தி மேலாடையைத் துறந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அதற்குப் பிறகு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோதும் அவர் மாற்றிக்கொள்ளாத உடை அது. உலகம் அவரை எந்தக் கோலத்தில் நினைவில் வைத்திருக்கிறதோ, அந்தக் கோலம் நம் மாசி வீதியில் பிறந்தது. கீழே கதர்க்கடை இருக்கிறது. அந்த உடையில் அவர் முதலில் மக்கள் முன் வந்த இடம் காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்ற பெயரோடு நிற்கிறது. அந்தப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்குபவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அங்கிருந்து கோயிலுக்கு வருவோம். வழக்கமாக நாம் நேரே அம்மன் சந்நிதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவோம். அதில் தவறில்லை; நம் கோயில், நம் அம்மன். வெளியூர்க்காரராகப் போகும் நாளில் மட்டும், 1939 ஜூலை 8-ஐ நினைத்துக்கொண்டு உள்ளே போங்கள். அன்றுதான் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு இந்தக் கோயிலுக்குள் நுழைந்தார். அதற்கு முந்தைய நாள் வரை உள்ளே வர அனுமதிக்கப்படாத சாதியினரின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மோடு வரிசையில் நிற்கிறார்கள். வரிசை நகரவில்லை என்று அலுத்துக்கொள்ளும்போது, அந்த வரிசையில் நிற்பதற்கே போராட வேண்டியிருந்தது என்பது ஒரு நிமிடம் மனத்தில் வரட்டும்.

கீழைக்கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். அதற்கும் கிழக்கே, திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்ட ராயகோபுரத்தின் அடிப்பகுதி, கடைகளுக்கு நடுவே. ஏழுகடல் தெருவுக்குப் பெயர் கொடுத்த குளம் கடை வளாகமாகிவிட்டது. புதுமண்டபத்தில்தான் நான் சொல்லவந்த விஷயத்தின் மறுபாதி இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர் புதுமண்டபத்துக்கு வந்து தூண்களைப் பார்த்தார். நாயக்கர் சிலைகளைப் பார்த்தார், மீனாட்சி கல்யாணத்தைப் பார்த்தார், படம் எடுத்தார், போனார். நாம் அங்கே எதற்குப் போனோம்? ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் யூனிஃபார்ம் தைக்க. கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் சாமான் வாங்க. பழைய புத்தகம் தேட. அழகர் திருவிழா நெருங்கும்போது கள்ளர் வேடத்துக்கும் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் உடை தைக்கிற தையல் மெஷின்களின் சத்தம் அந்தக் கல்மண்டபத்துக்குள் கடகடவென்று கேட்கும். அண்மை ஆண்டுகளில் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு அது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் இனிமேல் வரும் வெளியூர்க்காரருக்கு அந்த மண்டபம் வெறும் சிற்பக்கூடம். தலைமுறை தலைமுறையாக அங்கே ஊசி ஓட்டியவர்களின் கதையைச் சொல்ல நம்மால்தான் முடியும்.

இங்கேதான் கோவலன் திரும்ப வருகிறான். ஊர்காண் காதையில் அவன் பொன்கடைத் தெருவைப் பார்த்து வியந்தான். பொன்னின் வகைகளையெல்லாம் பார்த்தான். அடுத்த முறை அதே ஊருக்குள் சிலம்பு விற்கப் போனபோது, எதிரே வந்த பொற்கொல்லன் எப்படிப்பட்டவன் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெருவைப் பார்த்தவனுக்கு ஆளைத் தெரியவில்லை. அந்த ஊரில் பிறந்த ஒருவர் துணைக்கு இருந்திருந்தால், "அந்த ஆளிடம் போகாதே" என்று சொல்லியிருக்கலாம். வெளியூர்க் கண்ணுக்குப் பொருள் தெரியும், மனிதர் தெரியாது. உள்ளூர்க் கண்ணுக்கு மனிதர் தெரியும், பொருள் மறைந்துபோகும். நான் சொல்லும் விளையாட்டில் உள்ளூர்க் கண்ணைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அப்படி வைத்துக்கொண்டால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்கு இத்தனை பேச்சா என்றும் தோன்றலாம். ஊருக்கு வெளியே இரண்டு இடங்களுக்குக் கூட்டிப்போய்ப் பதில் சொல்கிறேன்.

முதலாவது கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்டத்துக்குள். 2014-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது, பிறகு மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது, 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அகழாய்வு தொடங்குவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னால், 1970-களிலேயே, அந்த ஊர்ப் பள்ளியில் வேலைபார்த்த வரலாற்று ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் கொண்டுவந்த பழம்பொருள்களைப் பார்த்துவிட்டு, இது சாதாரணமானதில்லை என்று தொல்லியல் துறைக்குத் தகவல் சொன்னார். தோப்புக்குள் ஓடு கிடைப்பது அங்கே யாருக்கும் புதிதல்ல. தினமும் காலில் இடறுவதுதான். அந்த ஆசிரியர் அதைக் குனிந்து எடுத்து, "இது என்ன?" என்று வெளியூர்க்காரரைப்போலக் கேட்டார். உள்ளூர்க்காரராக இருந்ததால் கேட்டதோடு விடாமல் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியூர்க்காரர் கேட்டுவிட்டு வண்டியேறிவிடுவார். நாம் வண்டியேற முடியாது. அதுதான் நம் பலம்.

இரண்டாவது, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. அதை ஒட்டிய மீனாட்சிபுரத்து மலையில்தான் மாங்குளம் தமிழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882-இல் ராபர்ட் சீவெல் அவற்றைக் கண்டறிந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவே நெடுங்காலம் ஆயிற்று. 1960-களில் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். மதுரைக்காஞ்சியில் கேட்ட பெயர் கல்லிலும் இருக்கிறது. ஆடு மேய்த்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களும் அந்தக் குகைத்தளத்தில் எத்தனையோ தலைமுறையாகப் படுத்து எழுந்திருப்பார்கள்.

2010 வாக்கில், யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. அந்தச் சூழலில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் தொடங்கியது பசுமை நடை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மதுரைக்காரர்கள் கூட்டமாகக் கிளம்பிச் சமணமலை, கீழக்குயில்குடி, யானைமலை, அரிட்டாபட்டி என்று போனார்கள். தொல்லியல் அறிஞர்கள் பாறையின் மேல் உட்கார்ந்து பாடம் சொன்னார்கள். சமணர் படுக்கையை "பஞ்சபாண்டவர் படுக்கை" என்றே கேட்டு வளர்ந்தவர்கள், பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தந்த ஊர் மக்களும் கூட்டத்தோடு நின்று, தம் மலையைப் பற்றித் தமக்கே சொல்லப்படுவதைக் கேட்டார்கள். நான் சொல்லும் விளையாட்டை இந்த ஊர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், லகர் வல்லூறு உட்பட சுமார் 250 வகைப் பறவைகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், ஏராளமான சுனைகளும் கண்மாய்களும். இரண்டே ஆண்டுகளில், 2024-இல், அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர்ப் பெண்களும் விவசாயிகளும் என்ன பேசினார்கள் என்று நினைவிருக்கிறதா? "எங்க வயக்காடு போயிரும்" என்றார்கள். அது எந்த ஊரிலும் கேட்கும் நியாயமான குரல். அதோடு நிற்கவில்லை. எங்கள் மலையில் இரண்டாயிரம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது, குடைவரை இருக்கிறது, இன்னின்ன பறவை இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கி நடந்து வந்தார்கள். அதே மாதம் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வென்றதற்குப் பல காரணங்கள் உண்டு, அரசியலும் உண்டு. ஆனால் தம் கையில் இருப்பது என்ன என்று பெயர் சொல்லத் தெரிந்த ஊர் அது. பெயர் தெரியாத ஒன்றைக் காப்பாற்று என்று யாரிடம் போய்க் கேட்க முடியும்?

ஆக, நான் சொல்லவந்தது இவ்வளவுதான். நடிப்பு ஒரு நாள்தான். அன்றைக்குக் கேட்கும் கேள்வி நம்மை இன்னும் நல்ல ஊர்க்காரராக்கும்.

நேரமாகிவிட்டது. செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியை வீட்டில் வையுங்கள். டூ வீலரில் போகிறவர் சிக்னலைத்தான் பார்க்கிறார். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், இல்லையென்றால் அந்திக்குப் பின். நம்முடையது தூங்கா நகரம். அல்லங்காடி இன்றைக்கும் உண்டு. வசதி இருந்தால் ஒரு இரவு ஊருக்குள்ளேயே ஒரு லாட்ஜில் தங்கிப் பாருங்கள், "வீடு எங்கே?" என்று கேட்டால் பழங்காநத்தம் என்று சொல்லிவிடாதீர்கள், ரூம் கிடைக்காது. தெரிந்த கடையில் சாப்பிடாதீர்கள். செல்ஃபி எடுப்பதற்கு முன் ஒருவரிடமாவது பேசுங்கள். "எங்களுக்குத் தெரியாததா" என்ற சொல்லை அன்று முழுக்க வாயில் எடுக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், அவர்கள் கேட்கும் கேள்விக்கு மட்டும் "அது அப்படித்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். விடை தெரியவில்லையா? நல்லதாகப் போயிற்று. சேர்ந்து போய் யாரிடமாவது கேளுங்கள்.

அவைத் தலைவரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த மாதக் கூட்டத்தில் என்னைப் போன்றவர்களைப் பேசக் கூப்பிட வேண்டாம். இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் இந்த மாதத்துக்குள் நம் ஊரில் ஒரு இடத்தில் போய் நின்று, ஒரு கேள்வி கேட்டு, கிடைத்த பதிலைச் சொன்னவரின் வாய்மொழியிலேயே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். இந்த நூலகத்தில் மதுரையைப் பற்றி எத்தனையோ நூல்கள் இருக்கின்றன. பத்துத்தூண் சந்துக் கடைக்காரரும் புதுமண்டபத்துத் தையல்காரரும் அவற்றில் இல்லை. அந்தப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து இதே அலமாரியில் வைப்போம். கை தூக்கிய அந்த மூன்று பேர் முதல் பக்கத்தைத் தொடங்கட்டும்.

கதவோரத் தம்பிமார்களுக்குக் கடைசி பஸ் இன்னும் போகவில்லை. பெரியார் நிலையத்தில்தானே ஏறப்போகிறீர்கள்? மேலவாசலை ஒருதரம் பார்த்துவிட்டு ஏறுங்கள்.